லேஸ் கட்ட நின்ற இடங்கள்

ஹார்லிங்கன்,
டிசம்பர் 19

அன்புள்ள ஹெஸ்ஸெல்,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் கேட்கவில்லை. நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. தீவில் உங்கள் தம்பி எடுத்தாலும், அண்ணன் ஆட்டுக் கொட்டகையில் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிடுகிறார். இரண்டு வாரமாக ஒரு மனிதர் ஆட்டுக் கொட்டகையில் அப்படி என்னதான் செய்வார்? தீவில் தபால்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகருவார் என்று உங்கள் மனைவி ஹிஸ்கே சொன்னார். அந்த தைரியத்தில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

இங்கே ஒரே மழை. கடல் அணைமேல் காற்று ஆளைத் தள்ளுகிறது. நம் ஓட்டக் குழுவில் எல்லோரும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார்கள். ஓட்டம் முடிந்ததும் டௌவ பெரிய பாத்திரத்தில் பட்டாணி சூப் கொண்டுவருகிறார். அதை ஓட்டம் என்பதா, சாப்பாட்டுக்கு முன் ஒரு நடை என்பதா என்று தெரியவில்லை. உங்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்கு எல்லோரும் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

டிசம்பர் ஐந்து, புனித நிக்கோலஸ் சாயங்காலத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. யாருக்கு யார் பரிசும் கிண்டல் பாட்டும் தருவது என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு உங்கள் பெயர் வந்தது. பாட்டை எழுதியவர் யார் என்று யாரும் கேட்கக் கூடாது, எல்லாம் புனிதர் எழுதியதுதான் என்பது நம் வழக்கம். நான் அதை மீறுகிறேன். எழுதியது நான்தான். இழுத்தால் நீளும், முடிச்சே தேவைப்படாத அந்த ஷூ லேஸைப் பரிசாக வாங்கியதும் நான்தான்.

அந்தப் பாட்டில் உங்களுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஊரில் நன்றியைக்கூடக் கிண்டல் செய்துதானே சொல்வோம். 'கிலோமீட்டருக்கு நாலு தரம் குனியும் ஹெஸ்ஸெலே, ஓட வந்தாயா, முடிச்சுப் போட வந்தாயா' என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நீங்கள் எழுந்து நின்று சத்தமாக வாசித்தீர்கள். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்த வரியோடு உங்கள் குரல் நின்றுபோனது. பிறகு கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. மறுநாள் முதல் கப்பலில் தீவுக்குப் போய்விட்டீர்கள்.

அன்று மதியமே ஹிஸ்கே என் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, சமையலறையில் நின்றபடியே பேசினார். "அவரு லேஸ் கட்டல ரென்ஸ்கே, குனிஞ்சு மூச்சு வாங்குறாரு. இதயத்துல வால்வு சரியில்ல, ஓடவே கூடாதுன்னு செப்டம்பர்லயே டாக்டர் சொல்லிட்டாரு. நவம்பர்ல ஆபரேஷனுக்குத் தேதியும் குடுத்தாங்க. இவரு வேணாம்னுட்டாரு. ஏப்ரல் ஓட்டம் முடியட்டும், அதுவரைக்கும் அவள யாரு கூட்டிட்டு ஓடுவாங்கறாரு."

அந்த 'அவள்' நான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னைக் கேட்காமல் என் பெயரை உங்கள் நோய்க்குச் சாக்காக வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? ஹிஸ்கேயும் கோபத்தில்தான் வந்திருந்தார். ஆறு வருடமாகச் சனிக்கிழமைக் காலைகளில் கணவரை எனக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் உங்களைத் திட்டினோம். மனசு ஆறியதும் காப்பி குடித்தோம்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவருகே நின்று ஒன்று கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையா பிடிச்சு ஓடுற அந்தக் கயித்த எப்படிப் பிடிக்கணும்?"

ஆமாம் ஹெஸ்ஸெல், உங்கள் மனைவிதான். முதல் நாள் துறைமுகத்தில் கப்பலைக் கட்டிவைக்கும் இரும்புக் கட்டையில் என் முழங்காலைக் கொண்டுபோய் மோதவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "அது எப்பவும் அங்கதானே இருக்கு, உனக்குத் தெரியாதா" என்றார். பள்ளம் வந்தால் சொல்ல மாட்டார், தாண்டியபிறகு "அப்பாடா" என்பார். நீங்கள் நாய், கல், சைக்கிள், எதிரே வருகிறவர் பல் துலக்கினாரா என்பதுவரை சொல்வீர்கள். அவரோ யார் வீட்டில் புதுத் திரைச்சீலை என்பதை மட்டும் சொல்கிறார். இருந்தாலும் நேற்று ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டோம். ஏப்ரல் ஓட்டத்தின் படிவத்தில் துணை ஓட்டக்காரர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்து, அவர் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கண் போன பிறகு இரண்டு வருடம் நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. உடம்பு பெருத்தது, மனசு சுருங்கியது. அப்போதுதான் நீங்கள் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தீர்கள். ஒருநாள் கதவைத் தட்டி, "எனக்கு ஓடத் துணைக்கு ஆளில்ல, நீ வரியா?" என்றீர்கள். ஆள் இல்லாதவள் நான், கேட்டது நீங்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய நன்றியை ஆறு வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கிண்டல் இல்லாமல் நேராகச் சொல்கிறேன். இன்று எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, வேலைக்குப் போகிறேன், சண்டை போடுகிறேன். எல்லாம் நீங்கள் கொடுத்தது. நன்றி, ஹெஸ்ஸெல்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று ஹிஸ்கே கேட்டார், "உனக்கு ஒண்ணுமே தெரியலயா? காது அவ்வளவு கூர்மைன்னு சொல்லுவாரே." தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது பொய். கோடை முடியும்போதே உங்கள் மூச்சு மாறிவிட்டது. கூட ஓடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பெரிய பாலத்தில் ஏறும்போது உள்ளே ஏதோ கிழிவது மாதிரி கேட்டது. கேட்டால் நீங்கள் நின்றுவிடுவீர்களோ, நீங்கள் நின்றால் நான் மறுபடி அந்த வீட்டுக்குள் போய்விடுவேனோ என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாட்டையும் அதற்காகத்தான் எழுதினேன். எல்லோர் முன்னாலும் நீங்கள் சிரித்து, ஒன்றுமில்லை என்று சொன்னால் நானும் நம்பிக்கொள்ளலாம் அல்லவா. நீங்கள் எனக்காக மறைத்தீர்கள். நானும் எனக்காகவேதான் மறைத்தேன். என்னை மன்னியுங்கள்.

டாக்டர் ஜனவரி ஒன்பதாம் தேதியைப் புதிதாகக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடும். திங்கள் மதியக் கப்பலுக்கு ஹிஸ்கேயும் நானும் துறையில் நிற்போம். மழை வந்தாலும் நிற்போம். இறங்கியதும் நீங்கள் என்னைத் திட்டலாம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் எழுந்து நடக்கச் சொல்லும் அன்று, எத்தனை மெதுவாக என்றாலும் சரி, பக்கத்தில் நான் நடக்கிறேன்.

உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த ஹெஸ்ஸெல் என் இடப்பக்கத்தில் கேட்கும் ஒரு மூச்சு, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் இருபது வருடம் கேட்க வேண்டும். தயவுசெய்து வாருங்கள்.

பிரியமுடன்,
உங்கள் வலப்பக்கத்துக்காரி
ரென்ஸ்கே