டாக்ஸி வாசலில் நின்ற ஐந்து நிமிடம்

மைசூரு
6 ஜூன் 2024

அன்புள்ள அபி,

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நடுக்கடலில், அந்த எண்ணெய்க் கிணற்று மேடையில், இந்த மெயில் உங்களுக்கு எப்போது கிடைக்குமோ தெரியவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரு பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு என்னைத் தேர்வு எழுதக் கூப்பிட்டிருக்கிறது. 22ஆம் தேதி, வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அவர்களுடைய தேர்வு மென்பொருளை 20ஆம் தேதிக்குள் கணினியில் ஏற்றிச் சரிபார்த்துக் காட்ட வேண்டும். மறுவாய்ப்பு கிடையாது. நம் லேப்டாப்பில் ஏற்றப் போனால் ‘அனுமதி இல்லை, நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தரவும்’ என்று ஒரு பெட்டி வருகிறது. நிர்வாகி என்ற இடத்தில் உங்கள் பெயர். நம் கல்யாணத் தேதியைப் போட்டேன். தவறாம். என்ன செய்ய?

ஹம்ஸா

8 ஜூன்

ஹம்ஸ்,

மொழிபெயர்ப்பா! சொல்லவே இல்லையே. சும்மா டென்ஷன் பண்ணிக்காதே, சின்ன விஷயம். ஒரு தடவை அணைச்சுப் போடு. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடு. ஆன்டி-வைரஸை நிறுத்திப் பார். போன வருஷம் அம்மாவுக்காக நீ பஞ்சாங்க சாஃப்ட்வேர் இறக்கி வைரஸ் வந்துதே, அதனாலதான் கிளம்பறதுக்கு முன்னாடி உன் கணக்கைச் சாதாரணக் கணக்கா மாத்தினேன். உன் நல்லதுக்குத்தான்.

இங்க மெஸ்ல மூணு நாளா அதே உருளைக்கிழங்கு.

உன் அபி

11 ஜூன்

அன்புள்ள அபி,

எல்லாம் செய்தேன். ரைட் கிளிக் செய்தால் அதே பெட்டி. ஆன்டி-வைரஸை நிறுத்தப் போனாலும் அதே பெட்டி. ஃபைலை பென்டிரைவில் வைத்தேன், புது ஃபோல்டரில் வைத்தேன். எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறேன். ஃபோல்டருக்கு நானே அனுமதி கொடுக்கப் பார்த்தேன். அனுமதி கொடுக்க எனக்கு அனுமதி இல்லையாம். சிரித்துவிட்டேன். ஹாலிலிருந்து அம்மா, “என்னடி சிரிப்பு? அவன் ஆகஸ்ட்ல வந்து பண்ணிக் குடுப்பான். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?” என்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

கடவுச்சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். போதும்.

ஹம்ஸா

14 ஜூன்

ஹம்ஸ்,

பாஸ்வேர்டை மெயில்ல அனுப்பறது சேஃப் இல்ல. தேதியைத் தள்ளி வைப்பாளான்னு கேட்டுப் பாரேன். ரொம்ப அவசரம்னா அம்மா பேர், பைக் நம்பர், நம்ம வீட்டு நம்பர், மூணையும் போட்டுப் பார். ஏதாவது ஒண்ணு எடுத்துக்கும்.

அபி

17 ஜூன்

அன்புள்ள அபி,

மூன்றும் இல்லை. தப்பாகப் போடப் போட, கணினி கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்கிறது. அதன் எதிரில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். தேதி தள்ளிப்போகாதாம்; இன்னும் மூன்று நாள்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இத்தனை நாளாக எல்லா வழியும் சொன்னீர்கள், அந்த ஒரு சொல்லைத் தவிர. அது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

ஹம்ஸா

18 ஜூன்

ஹம்ஸ்,

இல்ல. ஞாபகம் இல்ல.

கல்யாணத் தேதிதான் இருந்தது. ஊருக்குக் கிளம்பி டாக்ஸி வாசல்ல நின்னப்போ, அது உனக்குத் தெரியுமேன்னு தோணித்து. ஷூவோடயே உள்ள வந்து மாத்தினேன். அஞ்சு நிமிஷம். என்ன போட்டேன்னு ஃப்ளைட்லயே மறந்துட்டேன். சொல்ல வெட்கமா இருந்தது. ஆகஸ்ட்ல வந்து கட்டாயம் சரி பண்றேன். இந்தத் தேர்வு போனா இன்னொண்ணு வராதா?

உன் அபி

8 ஜூலை

அபிக்கு,

மண்டி மொஹல்லாவில், என் தோழி சுசித்ராவின் கடைக்கு மேல் அறையில், அவளுடைய கணினியில் தேர்வு எழுதினேன். மென்பொருள் ஏற நான்கு நிமிடம் ஆயிற்று. கிளம்பும்போது அம்மா, “அவன்கிட்ட கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். பொய்யில்லை.

வேலை கிடைத்துவிட்டது. 15ஆம் தேதி பெங்களூரில் சேர வேண்டும். விடுதியில் அறை எடுத்தாயிற்று.

அன்று நீங்கள் ஷூவோடு திரும்பி வந்தபோது நான் சமையலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அழுதது தெரியக்கூடாது என்று. நீங்கள் அறைக்குள் போனது கேட்டது. என்னைத் தேடித்தான் வந்தீர்கள் என்று, கண் சிவப்பு குறையும்வரை இன்னும் கழுவிவிட்டு, ஈரக்கையோடு ஓடி வந்தேன். அதற்குள் டாக்ஸி கிளம்பிவிட்டது. இத்தனை மாதமாக அந்த ஐந்து நிமிடத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

“உன் லேப்டாப்ல இருக்கற எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடலாம், அஷ்டே, அவ்வளவுதான், அரை மணி நேரம்” என்றாள் சுசித்ரா. நான் வேண்டாம் என்றேன். அதில் உங்களுடைய ஃபைல்கள் இருக்கின்றன.

லேப்டாப் பீரோவில், உங்கள் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. சார்ஜரும் பக்கத்திலேயே. கடவுச்சொல் நினைவுக்கு வந்தால் எனக்கு எழுத வேண்டாம்.

ஹம்ஸா