ஐந்து பேருக்கு அளந்த பங்கர்

2025 மார்ச் 2, ஞாயிறு

பதினான்காவது பங்கர். ஸ்ஃபெர்ராகவால்லோ ஊருக்கு மேலே, சப்பாத்திக்கள்ளிகளுக்கு நடுவில். கொங்கிறீற்றுச் சுவர் எண்பத்தைந்து சென்ரிமீற்றர். உள்ளே வட்டம், குறுக்களவு இரண்டு மீற்றர் பத்து. துப்பாக்கிச் சாளரம் மூன்று. ஒன்றில் யாரோ பியர்ப் போத்தல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூரையின் தடிப்பை அளக்க மறந்துவிட்டேன்.

உலகப்போரில், நாற்பத்துமூன்றில், இராணுவம் கைவிட்டுப்போன பங்கர்களை எல்லாம் நிக்கோலா பட்டியலிடுகிறார். ரயிலில் ரிக்கெற் பரிசோதகராக இருந்தவர். அவருடைய கட்டடத்தின் படிகளைத்தான் ஏழு வருடம் துடைத்தேன். உடைந்த படியொன்றை ஒருநாள் வரைந்து காட்டியதிலிருந்து என்னை 'ஜெயோமெத்ரா' என்று அழைக்கிறார். நில அளவையாளரை இத்தாலியில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். வவுனியா நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் படம் வரைந்தவன்தான். ஆனாலும் கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது.

என் இத்தாலியன் போதாது என்று தர்மிளா கூட வருகிறாள். எத்தனை பேர் கொள்ளும் என்று ஒவ்வொரு தடவையும் நிக்கோலா கேட்பார். ஐந்து என்றேன்.

"மாமாவின்ரை கணக்குப் பிழைக்காது" என்று எனக்குத் தமிழிலும் அவருக்கு இத்தாலியனிலும் சொன்னாள். "முள்ளிவாய்க்காலிலை தங்கட பங்கரையும் மாமாதான் அளந்து வெட்டினவர்."

குறிப்புப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 9

நாரி நோ, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மே பதினொன்றில் இராசம்மாவின் திவசம். பதினாறு வருடம். மண்டபம் எடுத்திருப்பதாகத் தர்மிளா சொன்னாள்.

"அம்மாவைப் பற்றி நீங்கள்தான் கதைக்கோணும் மாமா. சித்தி முதலே இஞ்சை வந்திட்டா. கடைசி மாதம் அம்மாவுக்குப் பக்கத்துக் கொட்டில்லை இருந்தது நீங்கள்தானே. எனக்கு ஒன்பது வயசு, ஒண்டும் வடிவா ஞாபகமில்லை."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? இல்லை என்று சொல்லத் தெரியாதவனா நான்? ஒருநாள் சொல்லத் தெரிந்ததே.

மார்ச் 18

'இராசம்மா எல்லோருக்கும் உதவியவர்' என்று தொடங்கினேன். வெட்டினேன். மூன்று தாள் வீண்.

மார்ச் 30, ஞாயிறு

பகேரியாவுக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டத்துக்குள், செவ்வகமான சிறிய பங்கர். உள்ளே இரண்டு மீற்றர் பத்துக்கு ஒன்று எழுபது. ஐந்து பேர் என்று எழுதி முடிக்கவும் ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் உள்ளே ஓடினோம். நிக்கோலா, அவருடைய நண்பர்கள் ஆறு பேர், தர்மிளா, நான்.

ஒன்பது பேர்.

பருமனான அந்த்ரேயா கடைசியாக வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தார். "மத்தி மீன் அடுக்கியாயிற்று, இனிப் பாஸ்தாவை அவித்தால் சரி" என்றார். சிரிப்பு. "ஜெயோமெத்ரா, ஐந்து என்றீரே!" என்று நிக்கோலா என் தோளில் தட்டினார். தட்டுவதற்குக் கையை ஓங்கவும் அங்கே இடமிருந்தது.

தர்மிளாவும் சிரித்தாள். "மாமாவுக்கு முதல் தரம் கணக்குப் பிழைச்சிட்டுது."

நான் சிரிக்கவில்லை. உடுப்பு நனைந்ததால் குளிர்கிறது என்று சொன்னேன்.

எழுதிவிடுகிறேன். முள்ளிவாய்க்காலில் எங்கள் பங்கர் ஏழு அடிக்கு ஐந்தரை அடி. இன்றையதின் அளவேதான். கடற்கரை மணலில் வெட்டினால் சுவர் நிற்காது. மண்மூட்டை அடுக்க வேண்டும். சாக்குக் கிடைக்கவில்லை. சனமெல்லாம் சேலைகளை வெட்டிப் பை தைத்தது. இராசம்மா தன்னிடமிருந்த ஆறு சேலைகளையும் தந்தார். கூறைச் சேலையும் அதில் ஒன்று. "எனக்கும் பிள்ளைக்கும் ஒரு மூலை தந்தால் காணும் அண்ணை" என்றார். தருவதாகச் சொன்னேன்.

அன்று ஷெல் விழத் தொடங்கியபோது உள்ளே நான், மனைவி, மச்சாள், மச்சாளின் இரண்டு பிள்ளைகள். தர்மிளா கஞ்சிக்கு வரிசையில் நின்றாள். இராசம்மா தனியாக ஓடி வந்தார். ஒரு ஆள். ஒரேயொரு ஆள். வாசலிலை நிண்டு "அண்ணை" எண்டா. நான் இடமில்லை எண்டன். கையை நீட்டி மறிச்சன் — அவ தந்த கூறைக்குப் பின்னாலை ஒளிச்சு இருந்துகொண்டு, அவவுக்கு இடமில்லை எண்டன். என்ன மனுசன் நான்?

அடுத்த ஷெல் எங்கள் வாசலுக்கு இருபது அடி தள்ளி விழுந்தது. இராசம்மா அந்தப் பக்கம்தான் ஓடியிருந்தார்.

பின்னேரம் தூக்குச்சட்டியோடு பிள்ளை வந்து கேட்டாள். "அம்மா இஞ்சாலை வரேல்லை" என்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பயந்துவிட்டேன் என்று ஒருநாளும் எனக்கே நான் சொல்லவில்லை. அளவு போதாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6

சொல்லவில்லை.

ஏப்ரல் 13

சொல்லவில்லை. புதுவருடம் நாளைக்கு என்று தர்மிளா பலகாரம் கொண்டுவந்தாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால், பஸ்கள் நிற்கும் இடத்து வாங்கில் தர்மிளாவும் நானும் இருந்தோம். என்ன சொல்வது என்று தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எடுத்து வாசிக்க வெட்கமாக இருந்தது. வாயால் சொன்னேன். கூறையையும் சொன்னேன். கையால் மறித்ததையும் சொன்னேன்.

"அம்மா கெஞ்சினவவா?" என்றாள்.

"இல்லை. ஒருக்கால்தான் 'அண்ணை' எண்டவ."

"மாமியும் உள்ளுக்கை இருந்தவவோ?"

"ஓம். அவவிலை பிழையில்லை. மறிச்சது நான்."

"நான் வந்து கேக்கேக்கை ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

பதில் வைத்திருந்தேன். தாளில் இரண்டாவது பந்தி. சொல்லவில்லை, அது பதில் இல்லை. எழும்பி நூற்றியொன்றாம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போனாள். அவளுடைய வீடு அந்தப் பக்கம் இல்லை.

மே 11, ஞாயிறு

வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரச்சொல்லியும் யாரும் கேட்கவில்லை. போனேன். கடைசி வரிசை. மேசையில் மாலை போட்ட படம்: கலியாண நாளில் எடுத்தது, இராசம்மா கூறையோடு. அதன் கரையில் இருந்த சரிகையை அடையாளம் கண்டேன். அந்த மே பதினொன்று வரை என் தலைமாட்டில் இருந்த மூட்டை அது.

தர்மிளாவே எழுந்து பேசினாள். "அம்மா தன்ரை சீலை எல்லாத்தையும் மற்ற ஆக்களின்ரை பங்கருக்குக் குடுத்தவ." என் பெயரைச் சொல்லவில்லை. பூ வைக்க எல்லோரும் முன்னே போனார்கள். நான் போகவில்லை.

மே 25

பகேரியா எலுமிச்சைத் தோட்டத்துப் பங்கரின், பதினெட்டாம் இலக்கப் படத்தில் ஐந்தை வெட்டி ஒன்பது என்று எழுதி நிக்கோலாவிடம் கொடுத்தேன். "விளையாட்டுக்குத்தானே சொன்னோம்" என்றார். இருக்கட்டும் என்றேன். மொழிபெயர்க்கப் பெண் வரமாட்டாளா என்று கேட்டார். தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

திரும்பவும் பகேரியாப் பக்கம். ரயில் மேடையில் நிக்கோலாவோடு தர்மிளா நின்றாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டாராம். எனக்குத் தலையசைத்தாள்.

ரயிலில் கடற்கரைக்குப் போகிற சனம், குடைகள், சத்தம். நான் கதவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரிப்பிடம் கழிந்திருக்கும். தன் பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"இருங்கோ. இடமிருக்கு."

மாமா என்று சொல்லவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இருக்கையின் விளிம்பில் இருந்தேன். அவள் யன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கினாள். எனக்கு இடம் விடவா, என்னில் முட்டாமல் இருக்கவா, தெரியவில்லை. பகேரியா வரும்வரை நான் அசையவில்லை.