ஹனிபா மாமா வான்கோழி வேட்டைக்குப் போனது

மிசூரி, அமெரிக்கா
13 ஏப்ரல் 2025

என் அருமை மருமகள் மர்வாவுக்கு,

மாமா ஹனிபாவின் ஸலாம். நான் எழுதப்போகும் கதையை நம் ஊர் மஸ்ஜித் தானாவில் ஒரு ஜீவன்கூட நம்பாது என்று இப்போதே சத்தியம் செய்து தருகிறேன். மீறி யாராவது நம்பினால் நான் பொறுப்பில்லை.

போனில் என் குரல் கேட்டாலே உன் மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள் என்று சொன்னாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ அச்செடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரிகை வாசிப்பதுபோல வாசி. யார் எழுதியது என்று அவள் கேட்க மாட்டாள். தெரியும் அவளுக்கு.

உன் பிலால் அண்ணன் வீட்டைக் காலி செய்யத்தான் வந்தேன். இங்கே ஏப்ரலிலும் குளிர். வெந்நீர்கூடப் போர்வை கேட்கிறது. நேற்று அவன் அலமாரியைத் திறந்தால், இலை இலையாக அச்சடித்த சட்டை, கால்சட்டை, தொப்பி, முகத்துக்கு ஒரு வலை. கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கல்லும் குச்சியும். மருந்து அரைக்கிற கல்லோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக் கிழவர் வந்தார். ஆறரை அடி உயரம், வெள்ளை மீசை. நான் அவருக்குத் தளபதி என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அது தெரியாது.

அது வான்கோழி வேட்டைச் சாமானாம். வசந்த காலத்தில் மூன்று வாரம் இங்கே காட்டு வான்கோழி வேட்டைக்கு அனுமதி. போன வருஷம் பிலால் இவரிடம் பழக ஆரம்பித்தானாம். ஒன்றும் கிடைக்கவில்லையாம். இந்த வருஷம் மறுபடி போவதாகப் பேச்சு. "அவன் இடம் காலியாக இருக்கிறது, நீ வா" என்கிறார்.

யாரை? என்னை! பசாரில் முப்பது வருஷம் கோழிக்கடை வைத்தவனை! என் கை பட்ட கோழிகளை வரிசையில் நிறுத்தினால் லூபோக் சீனாவில் ஆரம்பித்து, சுங்கை ரம்பாயைத் தாண்டி, கடலில் இறங்கி, சுமத்ராவில் கரை ஏறும். அப்பேர்ப்பட்டவனுக்குக் கோழி பிடிக்கப் பாடம்!

பாடமும் சாதாரணமில்லை. சேவலை மட்டுந்தான் சுடலாம். சேவலுக்கு நெஞ்சில் தாடி தொங்குமாம். உன் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும், அசையக் கூடாது. கல்லில் குச்சியை உரசினால் பெட்டை கூப்பிடுவதுபோலச் சத்தம் வரும், அதைக் கேட்டு அது நடந்து வரும். அதுவரை பேசக் கூடாது. இதையும் என்னிடந்தான் சொல்கிறார்.

இன்னொன்று கேள். என் வெள்ளைத் தொப்பியை அவரே தலையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாம். அந்த நிறத்தில் எதுவாவது புதருக்குள் ஆடினால் வேறு வேட்டைக்காரன் குறி வைத்துவிடுவானாம். ஹாஜியார் வீட்டுப் பிள்ளை வான்கோழியாகச் சாக வேண்டுமா? பையிலேயே விட்டுவிட்டேன்.

மாமி சாப்பிடுகிறாளா?

வான்கோழி நாட்டின் வருங்கால வேந்தன்,
உன் மாமா ஹனிபா

*

மஸ்ஜித் தானா
17 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மர்வாவின் ஸலாம். கடையை சுஃப்யான் பார்த்துக்கொள்கிறான். "உங்க மாமா எப்ப வருவாரு, உனக்குக் கழுத்தே சரியா வெட்டத் தெரியல லா" என்று வாடிக்கைக்காரர்கள் அவனைத் திட்டுகிறார்கள். என் தம்பிக்கு அது வேண்டும்.

கடிதத்தை வாசித்தேன். மாமி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாங்க. எப்போதும்போல எழுந்துவிடுவாங்க என்று நினைத்தேன். கோழிகள் சுமத்ராவில் கரை ஏறியபோது கை மட்டும் ஒரு நிமிஷம் நின்றது. எழுந்து போகவில்லை. மாமா, எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாப்பாடு அரைவயிறுதான். இந்தப் பெருநாளைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் கொண்டுபோன ரெண்டாங் கறி அப்படியே இருந்தது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீங்க. ஜனவரியில் பிலால் அண்ணன் கார் பனியில் சறுக்கியது என்று அங்கிருந்து பள்ளிவாசல்காரர்கள் போன் செய்தபோது மாமி மயங்கிக் கிடந்தாங்க. "அங்கேயே அடக்கம் பண்ணிருங்க" என்று நீங்கள் சொன்னீங்க. தாமதிக்காமல் அடக்கியது சரிதான் என்று எல்லோரும் மாமிக்கு எடுத்துச் சொல்கிறார்கள். மாமி சரி தப்பு பேசவே இல்லை. என்னிடம் ஒரே தடவை சொன்னாங்க: "எம் மூஞ்சில தண்ணி தெளிச்சு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" உங்களோடு பேசாமல் இருப்பது அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

நீங்கள் எழுதுங்க. நான் வாசிக்கிறேன். பனிக்குக் காதை மூடிக்கொள்ளுங்க.

உங்கள் மருமகள்,
மர்வா

*

மிசூரி
22 ஏப்ரல் 2025

வெற்றி! வெற்றி! மருமகள் மர்வாவுக்கு வேட்டை வேந்தனின் ஸலாம்!

நேற்று இருட்டோடு கிளம்பினோம். பிலாலின் சட்டை எனக்கு ஒரு சாண் பெரிது. கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட்டேன். அதில் இன்னும் அவனுடைய... சரி, அதை விடு. வேட்டைக்கு வா.

நடந்தோம், நடந்தோம், அமெரிக்காவின் மறுகோடியே தெரிந்தது. ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்தோம். சுபுஹுத் தொழுகை நேரம் வந்தது. பாங்கு சொல்லலாமா என்று சைகையில் கேட்டேன். கோழிகள் இன்னும் மரத்தைவிட்டு இறங்கவில்லை, சொல் என்று தளபதி தலையாட்டினார். எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். மர்வா, அந்தப் பாங்கைக் கேட்டு மரமெல்லாம் நிமிர்ந்து நின்றது! ஆறு ஓடுவதை நிறுத்திக் கவனித்தது! முதல் வரி முடியவில்லை, அதற்குள் காட்டிலிருந்த அறுபது வான்கோழிகளும் ஒரே குரலில் கொட கொட கொடவென்று பதில் சொல்லின. நம்பாதே. நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். தளபதி கல்லை உரசினார். விடிந்தது. வந்தான் பார், சேவல்களின் சுல்தான்! உயரம் நம் பசாருக்குக் காய் கொண்டுவரும் லாரி. தாடி என் தாடியைவிட ஒன்றரை முழம் கூடுதல். வாலை விரித்தான், சூரியன் மறைந்து மறுபடி ராத்திரியாகிவிட்டது. தளபதி நடுங்கினார். நான் அசையவில்லை. துப்பாக்கியை எடுத்தேன், ஒரே வெடி! சுல்தான் மூன்று வட்டம் போட்டு, எனக்கு ஒரு ஸலாம் வைத்து, விழுந்தான். டிராக்டர் கட்டி இழுத்தோம். ஊர் முழுக்க ரெண்டாங் சமைத்துப் போட்டேன். ஒரு கால் இன்னும் மிச்சம். அதை வாசலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் இந்தக் கடிதம்.

சிரித்தாளா? அதை மட்டும் எழுது.

சுல்தானை வென்ற மாவீரன்,
ஹனிபா

*

மஸ்ஜித் தானா
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

சிரித்தாங்க. அறுபது வான்கோழிகள் வந்ததும் நெத்திலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "யா அல்லா, கோழி பாங்குக்குப் பதில் சொல்லுச்சாமா? உங்க மாமாவுக்கு மண்டை கழண்டு போச்சு லா!" என்றாங்க. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாங்க. ஜனவரிக்குப் பிறகு நான் கேட்கும் முதல் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அது கொஞ்ச நேரந்தான், மாமா.

"சுட்டாராமே. பிஸ்மில்லா சொன்னாரா? உசிரு இருக்கும்போதே அறுத்தாரா? முப்பது வருஷம் கோழி அறுத்த மனுஷன், அதை ஒரு வரி எழுதலையே. சுடவே இல்ல அவரு."

பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கினாங்க. பழைய தாளையும் கேட்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் அவங்களே மெதுவாகப் படித்தாங்க.

"போயி மூணு வாரமாச்சு. கோழிக்குத் தாடி எத்தனை முழம்னு எழுதுறாரு. எம் புள்ள படுத்திருக்கிற மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா, நீயே பாரு."

பார்த்தேன். இல்லை, மாமா.

"அங்க அவரு போகவே இல்லடி."

போயிருப்பார் மாமி, எழுதக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பிறகு சொன்னதை ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்: "எனக்குத்தான் பார்க்கக் குடுத்து வைக்கல. அவராவது போயி, பார்த்தத பார்த்த மாதிரி எழுதட்டும். என்னைச் சிரிக்க வைக்க வேணாம். அப்படி எழுத முடியாதுன்னா அங்கேயே கோழி மேய்ச்சுக்கிட்டு இருக்கட்டும். இந்த வீட்டுப் படி ஏற வேணாம்."

சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாங்க. மாமா, நிஜமாகவே நீங்கள் இன்னும் போகவில்லையா?

மர்வா

*

மிசூரி
4 மே 2025

மர்வாவுக்கு,

இதை நீ வாசிக்க வேண்டாம். மாமி கையில் கொடுத்துவிடு.

ஹமீதா,

சுடவில்லை. அன்றைக்கு ஒரு சேவல் வந்தது உண்மை. கோழி அளவுதான், லாரி இல்லை. கிட்டே வந்து நின்றது. நான் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன்னால் பிஸ்மில்லா என்றுவிட்டேன், பசாரில் சொல்கிற அதே சத்தத்தில். மனசுக்குள் சொல்லியிருக்கலாம் என்று அப்புறந்தான் தோன்றியது. அது ஓடியே போய்விட்டது. தளபதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

அவன் அடங்கியிருக்கும் மையவாடிக்குப் போகவில்லை என்றாய். அதுவும் சரி. இரண்டு தடவை வாசல்வரை போனேன். ஒரு தடவை செருப்பு அறுந்துவிட்டது என்று திரும்பினேன். செருப்புக்கு ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டால் அவன் இல்லை என்பது எனக்கும் தெரிந்துவிடும், ஹமீதா. வீட்டில் அவன் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நீ சொன்ன பிறகு தளபதியைக் கேட்டேன். நேற்று அவர்தான் காரில் கூட்டிப்போனார்.

ஊருக்கு வெளியே மேட்டு நிலம். கம்பி வேலி. மொத்தமே கொஞ்சம் பேர்தான் அங்கே. தலைமாட்டில் மீஸான் கல் இன்னும் வைக்கவில்லை. ஒரு தகரத்தில் இங்கிலீஷில் பெயர் எழுதி நட்டிருக்கிறார்கள். பனி உருகியதில் நடுவே மண் கொஞ்சம் அமுங்கியிருந்தது. கையால் அள்ளிப் போட்டுச் சமன் செய்தேன். மண் கறுப்பு, ஈரம், குளிர்ச்சி. கால்மாட்டில் யாரும் நடாத மஞ்சள் பூ முளைத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சோமாலிக் கிழவி அடங்கியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வரும்போதெல்லாம் பிலாலுக்கும் சேர்த்து துஆ செய்கிறார்களாம். யாசீன் ஓதினேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. முதலிலிருந்து மறுபடி ஓதி முடித்தேன். சூரியன் அவன் தலைமாட்டுக்கு வரும்வரை இருந்தேன். இதுதான் நான் பார்த்தது. வேறு எதையும் சேர்க்கவில்லை.

உன் முகத்தில் தண்ணீர் தெளித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குச் சொல்ல என்னிடம் கதை ஒன்றும் இல்லை.

இருபதாம் தேதி வந்து சேருவேன். நீ கதவைத் திறக்காவிட்டால் கடையில் படுத்துக்கொள்கிறேன். சுஃப்யானுக்குக் கழுத்து வெட்டவும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் சுல்தானும் பொய், டிராக்டரும் பொய், ரெண்டாங்கும் பொய். ஒரு சின்ன இடம் மட்டும் பொய்யில்லை. இருட்டில் நின்று பாங்கு சொன்னேன், அவன் சட்டையையும் அவன் தொப்பியையும் போட்டுக்கொண்டு. பதில் வந்தது. அறுபது இல்லை, ஒன்றே ஒன்று, எதிர் மரத்து உச்சியிலிருந்து. வசந்தத்தில் இடி இடித்தாலும் கதவை அறைந்தாலும் சேவல் அப்படிக் குரல் கொடுக்குமாம். நான் பயந்து நிறுத்திவிட்டேன். தளபதி அசையவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நிறுத்தாதே. போன வருஷம் உன் மகன் இதே மரத்தடியில் நின்று இதைச் சொன்னபோதும் பதில் வந்தது. அவன் கடைசிவரை சொல்லி முடித்தான்."

நானும் சொல்லி முடித்தேன்.

ஹனிபா