வண்டும் சுண்ணாம்பும்

பிரமாதி வருடம், ஆவணி, செவ்வாய் இரவு

“கொட்டாத வண்டுக்கு எதுக்குங்க பயப்படோணும்?” என்று முன்பு வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். மிளகாய்கூடக் கொட்டாது, கண்ணில் பட்டால் தெரியும் என்றேன். வகுப்பே சிரித்தது. இன்று அந்தக் கேள்வி தூங்க விடவில்லை.

மேட்டுச் சரிவில் வெயில் ஏறியதும் வெள்ளைப் பொட்டு வைத்த கருவண்டுகள் புழு வேட்டைக்கு ஓடும். இன்று அங்கே சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வீராயி ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் புழுவைக் கவ்வியிருந்த வண்டு, குனிந்தவளின் ஒரு கண்ணில் எரிநீரைப் பீய்ச்சிவிட்டது. அலறல் கேட்டு ஓடினேன். அவள் புருஷன் சடையன் விரலில் சுண்ணாம்போடு நின்றான். குளவி கொட்டினால் தடவும் அதே சுண்ணாம்பு. அதைக் கண்ணுக்குள் வைக்கப் போனான்.

கையைப் பிடித்துக்கொண்டேன். “சடையா, வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடினாலே வாய் வெந்துபோகுது. கண்ணு தாங்குமா?”

“உடுங்க வாத்தியாரே! அந்த வண்டை மிதிச்சுக் கொன்னாத்தான் மனசு ஆறும்.”

“கொல்றதப் பொறவு பாத்துக்க மாமா, தண்ணிய ஊத்து!” என்று கத்தினாள் வீராயி.

குடம் குடமாக ஊற்றினோம். மாலையில் எரிச்சல் குறைந்தது என்றாள். ஆனால் விளக்கைப் பார்த்து, “பனி மூடினாப்பல இருக்குதுங்க” என்றாள். சடையன் என்னையே பார்த்தான். சுண்ணாம்பைத் தடுத்தது நான்தானே.

பார்வை தெளியாவிட்டால் புளியஞ்சோலை வழியாக மலையிலிருந்து டோலியில் இறக்கி டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். விடிந்ததும் அவள் நல்ல கண்ணைப் பொத்திவிட்டு, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.