ஐந்து நாள் குடித்த கசாயம்

பொபினி,
14 ஜனவரி 2024

அன்புள்ள நாயகிக்கு,

உமக்கு எழுதி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. போனில் கதைத்தால் மூன்றாவது சொல்லிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

லா சப்பலில் உமது மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் குந்திவிடுகிறீராம். சாப்பாடும் இறங்குவதில்லையாம். ஷிரோமி சொன்னாள். நம்முடைய மகள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

ஒபர்வில்லியேயில் நான் பெட்டி இறக்குகிற சீனாக்காரரின் கடையில், முதலாளியின் தங்கச்சி பிள்ளை பெற்றபின் இப்படித்தான் சோர்ந்து கிடந்தாவாம். ஒரு வேரை அவித்துக் குடித்துத்தான் எழும்பினாவாம். அதே வேரில் ஒரு பொதி தபாலில் அனுப்புகிறேன். மூன்று கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்றட்டும். காலையும் மாலையும் குடியும். மூலிகைதானே, ஒன்றும் செய்யாது.

மடு மாதா உம்மோடு இருக்கட்டும்.

மடுத்தீன்

*

லா சப்பல்,
22 ஜனவரி 2024

ஷிரோமியின் அப்பாவுக்கு,

பொதி வந்தது. முதலில் குப்பையில் போடத்தான் நினைத்தேன்.

என் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றிய அன்று நீங்கள் வரவில்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலுமாரியில் உங்கள் சேட்டுகளும் இல்லை. இப்போது வேர் வருகிறது!

ஆனால் பொதியின் மேல் “மெல்லிய நெருப்பு” என்று உங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தது. அடுப்பில் வைத்துவிட்டேன். நேற்று முதல் குடிக்கிறேன். நல்ல கைப்பு. குடித்ததும் கை கால் சூடாகிறது. பெலன் வந்தது போலவும் இருக்கிறது.

நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்தக் குளிருக்குள் முழங்கால் எப்படி? உள்ளுக்குக் கம்பளி போடுகிறீர்களா, அல்லது முன்னைப் போலத்தானா?

நாயகி

*

லா சப்பல்,
2 பெப்ரவரி 2024

ஷிரோமியின் அப்பாவுக்கு,

இதை இருந்து வாசியுங்கள். நான் இப்போது சுகமாக வீட்டில் இருக்கிறேன்.

கசாயம் குடித்து ஐந்தாம் நாள் பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. மத்தியானம் மூக்காலும் வந்து நிற்கவேயில்லை. ஷிரோமி வேலையிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரத்தம் தண்ணீராக இளகிப்போயிருக்கிறது என்றார்கள். வேறு ஏதாவது குடித்தீரா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். உங்கள் பெயர் வந்தால் ஷிரோமி உங்களோடு பேசவே மாட்டாள் என்று பயம். இரண்டாம் தரம் கேட்டபோது, “அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ” என்று அவள் அழுதாள். சொல்லிவிட்டேன்.

வால்வுக்காக நான் தினமும் போடுகிற குளிசை இரத்தத்தை உறைய விடாதாம். அந்த வேரும் அதே வேலையைத்தான் செய்யுமாம். இரண்டும் சேர்ந்துவிட்டன. நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மிச்ச வேரை எடுத்துக்கொண்டு பெல்வில்லில் சீன வைத்தியம் பார்க்கும் மதாம் லியூவிடம் போனேன். இரண்டு கையிலும் நாடியைத் தொட்டுப் பார்த்தா. வேர் நல்லதுதானாம். ஆனால் நாடி பார்க்காமல், என்ன குளிசை போடுகிறாய் என்று கேட்காமல், ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாதாம். பெலனில்லாத உடம்பு பலத்த மருந்தைத் தாங்காதாம். முதலில் வயிறு தேறவேண்டுமாம். “நான் ஒரு மருந்தும் தரமாட்டேன்” என்றா. சோற்றுக் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, சூட்டோடு. அதற்கு மேல் எதுவென்றாலும் இருதய டொக்டரிடம் கேட்டுவிட்டு வரச்சொன்னா.

கஞ்சி குடிக்கிறேன். இறங்குகிறது.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்களும் ஏதாவது அவித்துக் குடித்தால் நிற்பாட்டுங்கள். பிரஷர் குளிசை போடுகிறவர் நீங்கள்.

நாயகி

*

பொபினி,
7 பெப்ரவரி 2024

அன்புள்ள நாயகிக்கு,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். உம்மைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். குளிசையைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உம்மோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஷிரோமி போன் எடுத்து, “பப்பா, இனி எதுவும் அனுப்பாதேங்கோ” என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒப்பரேசன் அன்று நான் வந்தேன். காலை ஏழு மணிக்கே வந்து கீழே லிப்டுக்கு முன்னால் நின்றேன். மூன்று மணிவரை நின்றேன், நாயகி. ஏறமுடியவில்லை. ஊரில் தம்பி அந்தோனியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது உமக்குத் தெரியும். வெளியே இரு என்றார்கள், இருந்தேன். பிறகு அவன் உடுத்திருந்த சாரத்தை மட்டும் என் கையில் தந்தார்கள். உம்முடைய உடுப்பையும் அப்படித் தந்துவிடுவார்களோ என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன். திரும்பியவனுக்கு உமது முகத்தைப் பார்க்க வெட்கம். வீட்டை விட்டதும் அதனால்தான்.

பயந்தவன் தூரத்தில் நின்று வேர் அனுப்புகிறான். இனி உமக்குத் தொந்தரவு தரமாட்டேன்.

மடுத்தீன்

*

லா சப்பல்,
12 பெப்ரவரி 2024

ஷிரோமியின் அப்பாவுக்கு,

எட்டு மணித்தியாலம் கீழே நின்ற மனுசனை நான் இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றும் திட்டித்தான் இருப்பேன். ஆனால் வேறுவிதமாக.

இருபதாம் திகதி செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு எனக்கு இரத்தப் பரிசோதனை. ஷிரோமிக்கு லீவு இல்லை. தனியே போக எனக்கும் பயம், அது உங்களுக்கு மட்டுமல்ல. எட்டேகாலுக்கு லா சப்பல் மெத்ரோ வாசலில் நிற்பேன். லிப்டில் நாம் இரண்டு பேருமாக ஏறுவோம்.

வரமுடியாவிட்டால் எழுதவேண்டாம். விளங்கிக்கொள்வேன்.

நாயகி

*

ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
20 பெப்ரவரி, காலை

நாயகிக்கு,

நீர் உள்ளே போய்ப் பத்து நிமிடம். சும்மா இருந்தால் கால் வெளியே போகப் பார்க்கிறது. அதனால் இன்றைய நாளும் நேரமும் குறித்துத் தந்த உம்முடைய ரோந்தேவுக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வந்ததும் கையில் தருவேன்.

மெலிந்துவிட்டீர். மெத்ரோவில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஒரு நேர்ஸ் வந்து, நீர் வீட்டில் மூலிகை ஏதாவது குடிக்கிறீரா என்று கேட்டா. முன்பு ஐந்து நாள் குடித்தா, கொடுத்தது நான்தான், இப்போது கஞ்சி மட்டும்தான் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எழுதிக்கொண்டா. பிறகு, நீங்கள் அவருடைய கணவரா என்று கேட்டா.

யோசிக்காமல், “ஓம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

இங்கேதான் இருக்கிறேன். அவசரமில்லை, ஆறுதலாக வாரும்.

மடுத்தீன்