சுவரில் உன் இடது கை

நேற்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பூச்சோங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். கொஞ்ச நாளாகவே தூங்கினாலும் தீராத களைப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். தாதி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கையின் உட்புறம் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கண் தானாகப் பக்கத்து நாற்காலியில் உன்னைத் தேடியது. உன் பையைத் திறந்தாலே வரும் வாசனை அது. நீ அதை உன் சென்ட் என்பாய்.

இன்று காலை அழைத்துச் சொன்னார்கள். என் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். இனி களைப்புக்கு வேறு காரணம்தான் தேட வேண்டும்.

நம் முதுகலை வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நீயும் நானும்தான். தன் உடம்பையே பொருளாக வைத்து ஆளுக்கொரு வீடியோ செய்ய வேண்டும் என்றார்கள். ஒருவன் தன் தலையைத் தானே மழித்துக்கொள்வதைப் படம் பிடித்தான். ஒருத்தி கேமரா முன் உட்கார்ந்து, சிரிப்பு வலியாக மாறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாருக்கும் கேமரா பிடித்துக் கொடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். என் வீட்டிலோ, வீடியோ எடுக்க எதற்குப் பட்டத்துக்கு மேல் பட்டம் என்று லோரி ஓட்டும் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "கல்யாண வீடியோ எடுக்கிறவனெல்லாம் மாஸ்டர்ஸா படிச்சான்?" என்பார்.

நம் விரிவுரையாளர் நல்லவர். ஆனால் நம்மைப் பார்த்தாலே அவருக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். சேலை, குங்குமம், ரப்பர் மரம், இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள் என்று அன்போடு சொல்வார். வெளியே வந்ததும் நீ ஆரம்பிப்பாய்.

"என் அடையாளம் ரப்பர் மரமா லா? எங்கப்பா ரப்பர் மரத்தையே பாத்ததில்ல. போர்ட்ல கிரேன் ஓட்டுறாரு. நான் வேணா கிரேன கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கவா?"

நான் சிரித்தேன். படிக்கச் சேர்ந்த பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு நீதான் சொன்னாய்.

குழுக் கூட்டங்களுக்கு நீ பாதிக்கு மேல் வந்ததில்லை. காரணம் கேட்டால், "வாரத்துக்கு மூணு நாளு மிஷின்கூட டேட்டிங்" என்பாய். மற்றவர்கள் அதை உன் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் ஒரு நாள் கேன்டீன் மூலையில் நீளக் கைச்சட்டையைச் சுருட்டிக் காட்டினாய். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்த இடம். இடது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே தோல் மேடு மேடாகப் புடைத்து, ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிக் கிடந்தது.

"தொட்டுப் பாரு டி, கடிக்காது."

விரலை வைத்தேன். தூங்கும் பூனையின் முதுகில் கை வைத்ததைப் போல உள்ளே ஏதோ விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இத நான் எடுக்கப் போறேன். நீதான் கேமரா" என்றாய்.

கிள்ளானில் உன் வீட்டு மாடியறையில், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மதியங்களில் எடுத்தோம். கை மேசையில் கிடக்கும். லென்ஸ் தோலைத் தொடுமளவு நெருங்கும். ஒளி பக்கவாட்டில் விழுந்ததும் அந்த மேடுகள் மலைத்தொடராயின. தழும்புகள் மலைப்பாதைகளாயின. மேட்டின்மேல் ஒட்டிய சின்ன மைக்கின் ஒலியைப் பெரிதாக்கினால், தூரத்தில் கடல் இரைவது போலிருந்தது. என் மூச்சுக் காற்றில் கேமரா அசைந்தால், "மூச்ச விடாத லா, நிலநடுக்கம் வருது" என்று திட்டுவாய். படத்துக்கு 'நிலம்' என்று பெயர் வைத்தாய்.

உன் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "கைன்னு கண்டுபிடிச்சா பரவால்ல. சீக்குன்னு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்புறம் படத்த யாரு பாப்பா? எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க." சொல்லிவிட்டு, கோயிலில் உன்னைக் கண்டால் ஆன்டிகள் செய்வதைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டைச் சுழித்து, "பாவம்" என்று இழுத்துக் காட்டினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

வகுப்பின் இறுதிக் கண்காட்சிக்கு முன்னமே காய்ச்சலில் படுத்தாய். ஒரே வாரத்தில் மிஷினும் மருந்தும் கைவிட்டன. படத்தில் ஒலியைச் சரிசெய்வது மட்டும் பாக்கி இருந்தது. காதில் உன் ரத்தம் ஓடும் சத்தத்தோடு அதை நான் முடித்தேன். அந்த வாரத்தைப் பற்றி எழுத இன்னும் தெம்பில்லை.

விரிவுரையாளர் அழுதார். பிறகு, படத்துக்குப் பக்கத்தில் உன் நோயைப் பற்றி ஒரு குறிப்பும் உன் புகைப்படமும் வைக்கப் போவதாகச் சொன்னார். அது இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்குப் புரியாது என்றார். உன் அம்மாவும் சம்மதித்துவிட்டாராம். இரண்டு வருடம் வகுப்பில் வாய் திறக்காத நான், புரியாவிட்டால் பரவாயில்லை, அவள் வேண்டாம் என்றாள் என்று எழுந்து நின்று சொன்னேன். குடும்பம் மனம் மாறினால் வைக்காமல் விட்டுவிடலாம் என்றார் அவர்.

கிள்ளானுக்குப் போனேன். உன் அம்மா தேநீர் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அடுப்பைத் தணித்தார்.

"எம்புள்ள பட்ட கஷ்டம் நாலு பேருக்குத் தெரிய வேணாமா மா? அந்தக் கையோட அவ படிச்சா, பஸ்ஸு ஏறி இறங்குனா, படம் எடுத்தா. அத மறைச்சுட்டா, வேலவெட்டி இல்லாம ஏதோ எடுத்தான்னு போயிடுவாங்க."

அவர் சொன்னதில் என்ன தவறு? "'பாவம்'னு கேக்க அவ விரும்பல ஆன்டி" என்றேன்.

உன் அம்மா இரண்டு டம்ளரில் தேநீரை ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளினார். கடைசியில், "எழுத வேணாம், போட்டோவும் வேணாம். அந்த டீச்சருக்கு நானே போன் பண்றேன். ஆனா யாராச்சும் என்கிட்ட கேட்டா? என் வாய நீ கட்ட முடியாது மா" என்றார்.

கண்காட்சி பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நடந்தது. சுவர் முழுக்க உன் கை ஓடியது. பக்கத்தில் உன் பெயரும் 'நிலம்' என்ற தலைப்பும் மட்டும். உன் அம்மா கோயிலுக்குப் போகும் சேலையில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மூச்சிரைக்க ஒரு அங்கிள் படியேறி வந்தார்.

"ஜோசியர் ஆபீஸ் இதுதானே?"

"அடுத்த கதவு அங்கிள்" என்றேன். அவர் போகவில்லை. சுவரைப் பார்த்தபடியே வந்து உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, இமயமலையா?"

உன் அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எம்மக எடுத்த படம்."

"அப்படியா! எந்த ஊர்ல எடுத்தது?"

"கிள்ளான்லதான்."

"கிள்ளான்ல ஏதும்மா இவ்ளோ பெரிய மலை? நான் அங்கயே பொறந்து வளர்ந்தவன்."

உன் அம்மாவின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. கேட்டவர் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"இருக்குண்ணே. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

அங்கிள் தலையாட்டினார். தலையைச் சாய்க்கவில்லை. படம் முடிந்து மறுபடி தொடங்கும்வரை இருந்து, "சத்தம் நல்லாருக்கு, கடற்கரை மாதிரி" என்று சொல்லிவிட்டு ஜோசியரைத் தேடிப் போனார். உன் அம்மா நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ கேட்டது நடந்துவிட்டது. அதன் மறுபாதியை நீ யோசித்திருக்க மாட்டாய். இப்போது பங்சாரில் கம்பெனிகளுக்குப் பயிற்சி வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் இருக்கிறேன். நீ எப்படிப் போனாய் என்று யாராவது கேட்டால் காய்ச்சல் என்கிறேன். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. நீ எப்படிப்பட்டவள் என்று சொல்ல வந்தால் கையைச் சொல்லாமல் எங்கிருந்து தொடங்குவது? அதனால் உன்னைப் பற்றி நான் பேசுவதே குறைந்துபோனது.

சில ஞாயிறுகளில் உன் அம்மாவோடு பாசாருக்கு மீன் வாங்கப் போகிறேன். மீனையும் வெயிலையும் பற்றிப் பேசுவோம். சாலையைக் கடக்கும்போது என் இடது கையைப் பிடித்துக்கொள்வார். கடந்த பிறகும் விடமாட்டார். உள்ளங்கை மெல்ல நகர்ந்து, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே போய் நிற்கும். ஒரு தடவை அவரே சொன்னார்: "காலையில அவ கையைத் தொட்டு, ஓடுதான்னு பாத்துட்டுத்தான் அடுப்பையே பத்த வைப்பேன் மா."

என் கையில் அவருக்கு ஒன்றும் அகப்படாது. ஆனாலும் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். மீன் பையைக் கை மாற்ற வேண்டியிருக்கும். வலது கை வலிக்கும். அவர் எடுக்கும்வரை நான் இடது கையை அசைப்பதில்லை.