அண்ணனுக்கு நான் வரைந்த பல்வரிசை

என் அருமை அண்ணா,

ஊரார் முன்னால 'வாங்கண்ணா', நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தா 'வாண்ணா'. அப்படித்தானே நமக்குள்ள? இந்தக் கடுதாசியை நாலு பேர் படிப்பாங்கன்னு தெரியும். இருந்தாலும் 'வாண்ணா'தான். மரியாதையாப் பேச எனக்குத் தெம்பில்லை.

இன்னைக்கு ஆறாவது ஆளை வரைஞ்சு முடிச்சேன். மீனாட்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் மாடு வெச்சுப் பால் ஊத்தறவர். உன்னை மாதிரியே தலையில பூனைமுடி, புருவம் கிடையாது, வாயில கூரா ரெண்டே பல்லு, உடம்புல ஒரு சொட்டு வேர்வை வராது. நான் வரைஞ்ச நேரம் பூராவும் குடத்துத் தண்ணியை மொண்டு மொண்டு மேல ஊத்திக்கிட்டே இருந்தார். "ஏனுங்கம்மா, ஒரு நாலு பல்லு சேத்திப் போடுங்களேன், ஆருக்குத் தெரியப் போவுது?"ன்னார். முடியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன். அவருக்கு மூஞ்சி வாடிப் போச்சு. எனக்கும்தான்.

திரும்பி வர பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நின்னேன். எமர்ஜென்சி வந்தப்பறம் எல்லாம் நேரத்துக்கு ஓடுதுங்கறாங்க. கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுக்கு மட்டும் யாரும் சொல்லலையாட்ட இருக்குது. காலு கடுக்குது, கண்ணு எரியுது.

நான் ஏன் இத்தனை கண்டிப்பாயிட்டேன்னு சொல்லணும்னா, உன் சாவுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

இந்தச் சூடு தாங்காம இருபது வயசுல சூரியநெல்லி மலைக்கு ஏறினவன் நீ. அங்கயே எஸ்டேட் வேலை, அங்கயே கல்யாணம். குளிர்ல நல்லாத்தான் இருந்தே. எம்பொண்ணு கலாமணி கல்யாணம் சித்திரையில வந்துச்சு. தாய்மாமன் இல்லாம அவ எப்படி மணவறை ஏறுவான்னு தந்தி மேல தந்தி அடிச்சு உன்னைக் கீழே இறக்குனவ நான். ஈரத்துண்டைத் தலையில போட்டுட்டு நின்னே. சம்பந்தி ஊட்டுக்காரங்க பாக்கறாங்கன்னு அதைப் பிடுங்கிட்டு, பட்டுச் சட்டை மாட்டி, தலையில உருமால் கட்டிவிட்டதும் நாந்தான். "கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கோண்ணா." நீயும் பொறுத்துக்கிட்டே. அன்னைக்குச் சாயங்காலமே காய்ச்சல். மூணாம் நாள் நீ இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாத் தேவலை.

எங்க ஸ்டுடியோவுல என் ஊட்டுக்காரர், உன் மச்சான், போட்டோ பிடிப்பார், கலர் குடுக்கறதும் படம் வரையறதும் நான். செத்தவங்க படம்னா எங்க தொழில்ல ஒரு வழக்கம். அம்மைத் தழும்பை எடுத்துருவோம், ஒன்றரைக் கண்ணை நேராக்கிருவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாவே செய்யும். கல்யாணப் போட்டோவைப் பாத்து உன்னை வரைஞ்சப்ப, உருமாலை எடுத்துட்டு அடர்த்தியா முடி வெச்சேன். புருவம் தீட்டினேன். நீ வாயை இறுக்கி மூடிட்டு நின்னே, நான் திறந்து பல்லை வரிசையா வெச்சேன். உனக்குச் செஞ்ச பாவத்துக்கு இதையாவது செய்யலாம்னு நினைச்சேன்.

ஒரு படம் கலாமணி ஊட்டுக்கு. இன்னொண்ணு அண்ணிக்கு. அண்ணி பிரிச்சுப் பாத்துட்டு, "நல்லாத்தான் வரைஞ்சிருக்கீக. ஆனா இவுக யாரு?"ன்னு கேட்டு, துணி சுத்தித் திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்குக் கோவம்னா கோவம். நன்றி கெட்டவளுன்னு மனசுக்குள்ள வைதேன்.

அப்பறம் கலாமணிக்குப் பையன் பொறந்தான். வருஷம் திரும்பியும் பல்லு முளைக்கலை, முடி வரலை. பங்குனி பொறந்ததும் விட்டுவிட்டுக் காய்ச்சல். குளிர் காய்ச்சலுன்னு அவ மாமியார் கம்பளியில சுத்தி வெச்சாங்க. எனக்குத் தெரியாதா அண்ணா? பாத்த நிமிஷமே தெரிஞ்சுது. சொன்னா எம்பொண்ணைத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு வாயைக் கட்டிக்கிட்டேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள். நான் என்ன பொம்பளை?

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க. "குடும்பத்தில் வேற ஆர்க்கெங்கிலும் இதுபோல உண்டோ?" சம்பந்தியம்மா முந்திக்கிட்டாங்க. "ரெண்டு பக்கமும் இல்லீங்க. இவ தாய்மாமன் படம் எங்கூட்டுல மாட்டியிருக்குதுங்க, தலை நிறைய முடி, வாய் நிறையப் பல்லு."

மடியில புள்ளை அனலாக் கொதிக்குது. "அந்தப் பல்லெல்லாம் நான் வெச்சதுங்க டாக்டர், எங்கண்ணன் இவனை மாதிரித்தான்"னு சொன்னேன். சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டேன். டாக்டரம்மா கம்பளியை உருவிப் போட்டாங்க, ஈரத்துணி கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சூடு இறங்கிருச்சு. வேர்வை வராம உடம்புச் சூடு உள்ளயே தங்கிருமாம், பொம்பளைங்க வழியா இறங்கி ஆம்பளைப் புள்ளைங்களைப் பிடிக்கற கோளாறாம் இது.

சம்பந்தி திருப்பி அனுப்பலை. பேச்சுலதான் குத்தறாங்க, குத்தட்டும். கலாமணிதான் மூணு மாசம் எங்கிட்டப் பேசலை.

உன்னை மறுபடி வரைஞ்சேன், உள்ளது உள்ளபடி. அண்ணிக்கு ஒண்ணு குடுத்தேன். முந்தானையால படத்து மூஞ்சியைத் துடைச்சாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணை டாக்டரம்மா பாத்துட்டு, இது மாதிரி இன்னும் வேணும், காய்ச்சல் புள்ளையோட வர்ற தாய்மாருக்குக் காட்டணும்னாங்க. போட்டோன்னா ஓடி ஒளியற இந்த மாதிரி ஆளுங்க, நான் போய் நாலு வார்த்தை பழமை பேசினா எதிர்ல உக்காந்துக்கறாங்க. ஆனா எந்த மூஞ்சியைப் பாத்தாலும் உன் மூஞ்சியாத் தெரியுதண்ணா. அதுதான் ஆளைச் சோர வைக்குது. இன்னும் எத்தனை பேரு இருக்காங்களோ?

கலாமணி இப்பப் பேசறா. மாசி முடிஞ்சதும் புள்ளையைத் தூக்கிட்டு மலைக்குப் போறா, மழை விழற வரைக்கும் அங்கதான். "பிள்ளையக் கொண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு அண்ணியே எழுதிட்டாங்க.

நேத்து அவகிட்ட ஒண்ணு சொன்னேன். உங்கிட்டயும் சத்தியமாச் சொல்றேன். ஆரு ஊட்டு விசேஷம்னாலும் வெய்யக் காலத்துல அவனைக் கீழே இறக்க விடமாட்டேன். என் சாவுக்கும்தான். பேரன் நெய்ப்பந்தம் பிடிக்காம தெய்வானையை எடுத்துட்டுப் போனாங்கன்னு ஊரு பேசும். பேசட்டும். நான் சித்திரையில செத்தா எனக்கு நெய்ப்பந்தமே வேண்டாம்.

உன் கூடப்பொறந்தவ,
தெய்வானை